கிரவுன் போட்ட பிறகும் பல் வலிக்கிறதா?

கிரவுன், அதாவது பல்லை மூடும் உறை, போட்டு ஒரு கிழமை, இரண்டு கிழமை வரை குளிருக்குக் கூசுவதும் முரசு நோவதும் வழமைதான். பல்லைச் சுற்றிவர அராவித்தானே அதை மாட்டுகிறார்கள். அதுவரை பிரிஜ்ஜில் இருந்து எடுத்த எருமைத்தயிரை உடனே வாயில் வைக்காதீர்கள், மற்றப் பக்கத்தால் சப்புங்கள். தற்காலிகக் கிரவுன் என்றால் தொதல், மஸ்கற் பக்கமே போக வேண்டாம், கழன்று வந்துவிடும்.

கடிக்கும்போது மட்டும் சுள்ளென்று குத்துகிறதா? அனேகமாகக் கிரவுன் ஒரு மயிரிழை உயரம். பொறுத்துப் பார்க்காமல் போட்டவரிடமே போங்கள். மைத்தாளைக் கடிக்கச் சொல்லி, மை அழுத்தமாகப் படிந்த இடத்தைக் கொஞ்சம் தேய்த்துவிடுவார், சின்ன வேலை. விறைத்த வாயோடு இருக்கும்போது 'கடி சரியா' என்று கேட்டால் யாருக்குத்தான் தெரியும்?

சூடான தேத்தண்ணி குடித்து முடிந்தும் நோ நிற்கவில்லை, இரவில் தானாகத் துடிக்கிறது என்றால் உள்ளே நரம்பு பழுதாகியிருக்கலாம். ரூட் கனால், அதாவது பழுதான நரம்பை எடுத்து வேரைத் துப்பரவாக்கி அடைக்கும் சிகிச்சை, தேவைப்படும், பெரும்பாலும் கிரவுனைக் கழற்றாமல் அதிலேயே துளைபோட்டுச் செய்வார்கள்.

அதுவரை பனடோல்: பெரியவருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை 2, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 8ஐத் தாண்டக்கூடாது, ஈரல் வருத்தக்காரர் கேட்டுவிட்டுப் போடுங்கள். மாத்திரையை முரசில் வைக்காதீர்கள். காய்ச்சலும் இருந்தால் இபுபுரூபன் வேண்டாம், நம்ம ஊரில் டெங்குவையும் யோசிக்க வேண்டுமே. முகம் வீங்கினாலோ, வாய் திறக்க, விழுங்கக் கஷ்டமென்றாலோ விடியும்வரை காத்திராமல் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு ஓடுங்கள், கல்முனைப் பக்கத்தவர் அங்குள்ள ஆதார வைத்தியசாலைக்கு.