பெரியவர்கள் 2, சிறுவர் 0

ஃப்ளோரிடாவில் ஆர்லாண்டோவுக்குப் பக்கத்தில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் அறை போட உட்கார்ந்தால், தேதிக்கு அடுத்ததாகக் கேட்பது இதுதான்: பெரியவர்கள் எத்தனை, சிறுவர்கள் எத்தனை? நானும் என் கணவரும் மூன்று முறை 2, 0 என்று போட்டுவிட்டுப் போய் வந்திருக்கிறோம். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. "பிள்ளைங்க இல்லாம அங்க போய் என்ன பண்ணுவீங்க?" என்று அக்கறையோடு கேட்டவர்கள் உண்டு. நிறையப் பண்ணலாம். ஆனால் போகிற விதத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு முழுப் பயணம் செலவானது. உங்களுக்கு அது மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் தடவை, குடும்பமாகப் போகிறவர்களுக்கென்று போட்டிருந்த ஓர் அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்டோம். காலை ஏழு மணிக்குக் கிளம்பு, ஒன்பது ரைடு, மூன்று மணிக்கு ஊர்வலம், இரவு வாணவேடிக்கை. இரண்டாம் நாள் நண்பகலில், அடுத்து எங்கே போவது என்பதற்காக நடுப்பாதையில் நின்று சண்டை போட்டோம். வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் செல்பேசியைப் பையில் போட்டுவிட்டு, "நாம யாருக்காக இப்படி ஓடறோம்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பஸ் பிடித்து அறைக்குப் போய், திரையை இழுத்துவிட்டு மூன்று மணி நேரம் தூங்கினோம். சாயங்காலம் திரும்பிப் போனபோது அதே பார்க் வேறு இடம் மாதிரி இருந்தது.

அதிலிருந்து நாங்கள் பிடித்துக்கொண்ட முறை இது: நாளின் இரண்டு முனைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள், நடுவை விட்டுவிடுங்கள். டிஸ்னியின் சொந்த ரிசார்ட்டுகளில் தங்குகிறவர்களுக்கு நான்கு பார்க்குகளிலும் தினமும் 30 நிமிடம் முன்னதாக நுழைய அனுமதி உண்டு. தள்ளுவண்டி, பால் பாட்டில், காணாமல் போன ஒற்றைச் செருப்பு எதுவும் இல்லாத இரண்டு பேருக்கு அந்த நேரத்தில் வாசலில் நிற்பது சுலபம். அந்த அரை மணியிலும் அடுத்த ஒரு மணியிலும் பெரிய ரைடுகள் இரண்டு மூன்று முடிந்துவிடும். பதினொன்றரைக்கு வெளியே வந்துவிடுங்கள். மறுபடி ஐந்து மணிக்குப் போனால் போதும். கோடையில் ஃப்ளோரிடாவில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும், மின்னல் இருக்கும்வரை திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அதனால் அந்த நேரத்தில் அறையில் இருப்பதால் பெரிதாக எதையும் இழப்பதில்லை.

எப்போது போவது என்பதில் உங்களுக்கு இருக்கிற சுதந்திரம் வேறு யாருக்கும் இல்லை. பள்ளி விடுமுறைக்குக் காத்திருக்க வேண்டாம். ஆகஸ்ட் கடைசியில் பள்ளிகள் திறந்த பிறகு, செப்டம்பர், ஜனவரியின் பிற்பகுதி ஆகியவை நல்ல காலம். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை, ஈஸ்டரை ஒட்டிய வாரங்கள், நவம்பர் கடைசியில் நன்றியறிதல் நாள் வாரம், இந்த மூன்றையும் தவிருங்கள். டிக்கெட் விலையும் தேதிக்குத் தேதி மாறுவதால் கூட்டம் குறைந்த நாளில் காசும் மிச்சம். ஒன்று கவனம்: ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம். செப்டம்பரில் போவதானால் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கிற மாதிரி புக் செய்யுங்கள்.

இலையுதிர் காலத்தில் போகிறவர்களுக்கு இன்னொரு வழி. மேஜிக் கிங்டம் என்ற பார்க்கில் சில இரவுகள் ஹாலோவீன் விருந்துக்கென்று தனி டிக்கெட் விற்பார்கள். அந்த நாட்களில் சாதாரண டிக்கெட்காரர்கள் மாலை ஆறு மணிக்கு வெளியேற வேண்டும். வாணவேடிக்கை பார்க்க முடியாதே என்று குடும்பங்கள் அந்தத் தேதிகளை ஒதுக்குவதால் பகலில் வரிசைகள் குறையும். நாங்கள் அப்படி ஒரு நாள் காலையை அங்கே கழித்துவிட்டு, ஒரே நாளில் வேறு பார்க்குக்கும் போகவிடும் ஹாப்பர் டிக்கெட்டை வைத்துக்கொண்டு மாலையில் எப்காட் என்ற இன்னொரு பார்க்குக்குப் போய்விட்டோம்.

தங்குமிடத்துக்கு வருவோம். இந்த இடம் மொத்தம் ஏறக்குறைய 100 சதுர கிலோமீட்டர், ஒரு நகரம் மாதிரி. எந்த ரிசார்ட் என்பது பயணத்தையே மாற்றிவிடும். இரண்டு பேர்தான் என்பதால் மலிவான சின்ன அறை போதும் என்று தோன்றும். பகல் பொழுதை அங்கேதான் கழிக்கப் போகிறீர்கள் என்பதால் நான் அப்படிச் சொல்லமாட்டேன். எங்களுக்குப் பிடித்தது போர்ட் ஆர்லியன்ஸ் ரிவர்சைடு. ஆற்றோரம் மரங்களுக்கு நடுவே அமைந்த இடம். பெரிய நீச்சல் குளத்தில் சறுக்குமரமும் கூச்சலும் இருக்கும். ஆனால் வளாகத்துக்குள்ளேயே தள்ளித் தள்ளி அமைதியான சிறு குளங்களும் உண்டு. பிற்பகல் இரண்டு மணிக்கு அதில் ஒன்றில் நாங்கள் இருவர் மட்டும் மல்லாந்து மிதந்திருக்கிறோம். புக் செய்யும்போது இரண்டு கட்டில் அறை வேண்டாம், ஒரே கிங் கட்டில் போட்ட அறை வேண்டும் என்று தேர்ந்தெடுங்கள். மறந்தால் குடும்பத்துக்கான அறை கைக்கு வந்துவிடும்.

அந்த ரிசார்ட்டிலிருந்து டிஸ்னி ஸ்பிரிங்ஸ் என்ற கடைத்தெருவுக்குப் படகு விடுகிறார்கள், கட்டணம் இல்லை. ராத்திரியில் அதில் ஒரு முறையாவது போய் வாருங்கள். இருட்டில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கும், கரையில் விளக்குகள் மெதுவாக நகரும்.

சரி, ரைடுகள். எனக்கு ரோலர் கோஸ்டர் உயிர். அவருக்குத் தலைசுற்றல். ஒருத்தர் விட்டுக்கொடுத்து ஏறுவதும், இன்னொருத்தர் விட்டுக்கொடுத்து ஏறாமல் இருப்பதும் நாள் முடிவில் மனக்கசப்பில்தான் போய் நிற்கும். அனிமல் கிங்டம் என்ற பார்க்கில் எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் என்று ஒரு கோஸ்டர் இருக்கிறது, மலைக்குள்ளே இருட்டில் பின்பக்கமாகப் பாயும். அதில் தனியாக வருகிறவர்களுக்கென்று 'சிங்கிள் ரைடர்' வரிசை உண்டு. காலியாக இருக்கும் ஒற்றை இருக்கையை அவர்களைக் கொண்டு நிரப்புவதால் பொது வரிசையைவிட வேகமாக நகரும். அவர் எதிரே நிழலில் காபியோடு உட்கார்ந்துகொள்வார். "போயிட்டு வா, நான் இங்கயேதான் இருப்பேன்" என்பார். நான் இரண்டு தடவை ஏறிவிட்டு, தலைமுடி கலைந்து ஓடி வந்து நடந்ததெல்லாம் சொல்வேன். அவர் காபியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். சேர்ந்து ஏறியிருந்தால் அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பார்.

அவருக்கென்று நான் விடுவது மேஜிக் கிங்டமில் பீப்பிள்மூவர். 1975-இலிருந்து ஓடுகிறது. வண்டியில் இன்ஜின் கிடையாது, பாதையில் பதித்த மின்காந்தங்கள் தள்ளிக்கொண்டு போகின்றன. தலைக்கு மேல் உயரத்தில் பத்து நிமிடம் நிதானமாகச் சுற்றிவரும், வரிசையும் வேகமாக நகரும். கால் வலிக்கிற நேரத்தில் இதைவிட நல்ல இருக்கை அந்தப் பார்க்கில் எனக்குத் தெரியாது. இப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு விருப்பம் என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். மீதியெல்லாம் நடந்தால் நடக்கட்டும்.

காசு கொடுத்து வரிசையைக் குறைக்கும் லைட்னிங் லேன் பற்றி இரண்டே வார்த்தை. ரிசார்ட்டில் தங்குகிறவர்கள் வந்திறங்கும் நாளுக்கு 7 நாள் முன்பிருந்து பதிவு செய்யலாம், மற்றவர்கள் 3 நாள் முன்பிருந்து. காலையும் இரவும் மட்டும் போகிற எங்களுக்கு மேஜிக் கிங்டமில் ஒரு நாள் மட்டும்தான் அது தேவைப்பட்டது.

இனி எப்காட். ஜோடியாகப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு பார்க்தான் என்றால் இதைத்தான் சொல்வேன், அதுவும் மாலை நேரத்தில். 1982-இல் திறந்தது. பின்பாதியில் ஒரு பெரிய குளத்தைச் சுற்றி மெக்சிகோ, நார்வே, சீனா, ஜெர்மனி என்று 11 நாடுகளின் தெருக்களை அமைத்திருக்கிறார்கள். ஒரு சுற்று கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர். சிறுவர்களோடு வருகிறவர்கள் இதை வேகமாகக் கடந்துவிடுவார்கள், பாவம், அவர்களுக்கு வேறு வழியில்லை. நாங்கள் நான்கு மணி நேரம் எடுத்துக்கொள்வோம். ஜெர்மனி பகுதியில் தரையோடு தரையாக ஒரு பொம்மை ரயில் ஓடும், முழங்கால் உயரம்கூட வராத வீடுகள், பாலம், சுரங்கம் எல்லாம் உண்டு. என் கணவர் வேலியைப் பிடித்துக்கொண்டு இருபத்தைந்து நிமிடம் நின்றார். நான் கையைப் பிடித்து இழுக்கவில்லை. மொராக்கோ பகுதியில் சுவரில் இருக்கும் ஓடுவேலையைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். மன்னர் இரண்டாம் ஹசன் தம் நாட்டுக் கைவினைஞர்களையே அனுப்பிச் செய்யவைத்தது.

போன தடவை ஜப்பான் பகுதியில் இருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கூரையோரமாக ஒதுங்கி நின்றோம். அங்கே வேலை செய்யும் பெண்ணின் பெயர்ப்பட்டையில் ஒசாகா என்று ஊர் எழுதியிருந்தது. நாடுகளின் பகுதிகளில் அந்தந்த நாட்டுக்காரர்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள், பெயர்ப்பட்டையில் ஊர் இருக்கும், அதை வைத்தே பேச்சைத் தொடங்கலாம். ஜூனில் அவருடைய ஊரிலும் மழைக்காலமாம், அதற்கு ட்சுயு என்று பெயராம். தண்ணீர் கூரை நுனியிலிருந்து கயிறு கயிறாக விழுந்தது. மழை நிற்கும்வரை அவரிடம் ஜப்பானில் எந்தக் காய் எப்போது காய்க்கும் என்றெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் பயணத்தில் எங்களுக்கு நன்றாக நினைவிருப்பது அந்த நாற்பது நிமிடம்தான்.

சாப்பாட்டுக்கு 60 நாள் முன்பே மேசை பதிவு செய்யலாம். ஆனால் இரண்டு பேருக்கான மேசை கடைசி நேரத்தில்கூடக் கிடைக்கும், டிஸ்னியின் செல்பேசி ஆப்பை அடிக்கடி பாருங்கள். அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற ரிசார்ட்டில் இருக்கும் சனா என்ற உணவகத்துக்கு ஒரு மதியம் ஒதுக்குங்கள். பார்க் டிக்கெட் வேண்டாம், அங்கே தங்கவும் வேண்டாம். 'நாண்' போன்ற ரொட்டி வகைகளும் விதவிதமான சட்னிகளும் ஒரே பலகையில் வரும், ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி மேய்ந்துகொண்டிருக்கும். இரவுக்குப் போனால் இருட்டிவிடும், அதனால் மதியம். திருமண நாள் மாதிரி பெரிய செலவுக்கு மனது இருந்தால் கிராண்ட் ஃப்ளோரிடியன் ரிசார்ட்டில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸ் என்ற உணவகம் இருக்கிறது. 2024-இல், சிறந்த உணவகங்களுக்குத் தரும் மிஷ்லின் நட்சத்திரம் வாங்கியது. பத்து வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, உடையிலும் கட்டுப்பாடு உண்டு.

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். குழந்தை வேண்டாம் என்று தீர்மானித்தவர்களும் இதைப் படிப்பீர்கள், வேண்டும் என்று ஏங்கியவர்களும் படிப்பீர்கள். நாங்கள் இரண்டாவது வகை. காலை பத்து மணிக்கு மேஜிக் கிங்டமில் ஃபேன்டஸிலேண்ட் பக்கம், இளவரசி கவுன் போட்ட சின்னப் பெண்கள் வரிசையில் நிற்கிற இடம், ஊர்வலத்தில் அப்பாவின் தோள்மேல் பிள்ளை உட்கார்ந்திருக்கிற காட்சி, இதெல்லாம் சில நாள் சந்தோஷமாக இருக்கும், சில நாள் தொண்டையை அடைக்கும். எந்த நாள் எப்படி இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. நாங்கள் ஒரு சொல் வைத்திருக்கிறோம்: "போதும்". யார் சொன்னாலும் மற்றவர் காரணம் கேட்பதில்லை. அங்கிருந்து நகர்ந்துவிடுவோம். அந்த மாதிரி காலைகளுக்கு அனிமல் கிங்டம் நல்லது. விலங்குகள் சுறுசுறுப்பாக இருக்கும் நேரத்தில் சஃபாரி வண்டியில் ஏறிக்கொண்டு, பிறகு புலிகள் இருக்கும் நடைபாதையில் மெதுவாக நடக்கலாம். ஒரு முறை நான் சொன்னேன், ஒரு முறை அவர் சொன்னார்.

வாணவேடிக்கையை மேஜிக் கிங்டம் கோட்டைக்கு முன்னால் இரண்டு மணி நேரம் இடம் பிடித்துத்தான் பார்க்க வேண்டும் என்றில்லை. மோனோரயிலில் பாலினேசியன் ரிசார்ட்டில் இறங்கினால் ஏரிக்கரை மணலில் உட்கார்ந்து பார்க்கலாம், இசையையும் அங்கே ஒலிக்கவிடுவார்கள். கோட்டை தூரத்தில் சின்னதாகத் தெரியும். ஒரு முறையாவது உள்ளே நின்று பார்க்க ஆசை என்றால், முடிந்தவுடன் கூட்டத்தோடு கிளம்பாதீர்கள். நுழைவாயில் தெருவில் கடைகள் இன்னும் கொஞ்ச நேரம் திறந்திருக்கும், ஓரமாக உட்காருங்கள். தூங்கிப்போன பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லாரும் போவார்கள், தள்ளுவண்டிகள் வரிசையாக நகரும், அப்புறம் தெரு காலியாகும். போன தடவை கடைசி இரவில் முக்கால் மணி நேரம் அப்படி உட்கார்ந்துவிட்டுப் போனோம். ரிவர்சைடு பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் ஓட்டுநரும்தான். என் கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார், நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டேன்.