இழுத்தால் கட்டில், தள்ளினால் சோபா: வீட்டிலேயே செய்து பார்ப்போம்

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தன் கோயிலில் கொடியேறிய கையோடு எங்கள் வீட்டில் பாய்க்குத் தட்டுப்பாடு வந்துவிடும். 25 நாள் திருவிழாவில் கொழும்பிலிருந்து சித்தி குடும்பம் ஒரு கிழமை, வெளிநாட்டிலிருந்து மச்சாள் ஆட்கள் இன்னொரு கிழமை. அறை இரண்டுதான். பெடியள் விறாந்தையில் பாயைப் போட்டு உருளுவார்கள், அது பிரச்சினை இல்லை. முழங்கால் நோவோடு வருகிற பெரியம்மாவை நிலத்தில் படுக்கச் சொல்ல முடியுமா? அதற்காகவே ஒருமுறை கடையில் மடிப்புச் சோபா ஒன்று வாங்கினோம். எங்கள் வீடு கடற்கரைக்குக் கிட்ட. உப்புக்காற்றில் இரும்பு மடிப்பு துருவேறி, மூன்றாம் வருடம் பாதி விரிந்தபடி நின்றுவிட்டது. இருக்கவும் ஏலாது, படுக்கவும் ஏலாது.

அதற்குப் பிறகுதான் மடிப்பே இல்லாத ஒன்றை நானே செய்தேன். வாள் பிடித்துப் பழக்கமில்லாதவர்களும் இரண்டு சனி ஞாயிறில் முடிக்கலாம். தள்ளி வைத்தால் 6 அடி நீளம், 30 அங்குல அகலத்தில் இருக்கை. இழுத்தால் 50 அங்குல அகலத்தில் கட்டில். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தாராளமாகப் படுக்கலாம். இரண்டு பெரியவர்கள் என்றால் கொஞ்சம் ஒட்டித்தான் படுக்கவேண்டும்.

இது எப்படி விரிகிறது?

இரண்டு சீப்புகளை எதிரெதிரே வைத்துப் பல்லுக்குள் பல் நுழைத்துப் பாருங்கள். அவ்வளவுதான் விஷயம். சுவரோடு நிற்கிற சீப்பைத் தாய்ச் சட்டம் என்போம், முன்னுக்கு இழுபடுகிற சீப்பைப் பிள்ளைச் சட்டம் என்போம். பற்கள்தான் படுக்கும் பலகைகள். பிணைச்சல் இல்லை, ஸ்பிரிங் இல்லை. துருப்பிடித்து இறுகுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

மரம்

நான் எடுத்தது வேம்பு. கைப்பு மரம் என்பதால் பூச்சி எளிதில் அண்டாது, ஊரிலேயே கிடைக்கும். ஆனால் பச்சையாக அரிந்தால் முறுகும். பலாவும் நல்லது. பனை கூரை வளைக்கு எவ்வளவு உறுதியோ, இந்த வேலைக்கு அவ்வளவு கரைச்சல்: நார் நாராகச் சிம்பு கிளம்பி உடுப்பிலும் தோலிலும் ஏறும். அமுக்கிய தூள் பலகை பக்கமே போகவேண்டாம், ஒரு மாரிக்கு ஊதி உதிர்ந்துவிடும்.

பழைய வீடு இடித்த மரம் கிடைத்தால் விடாதீர்கள், அதைப்போல் காய்ந்த மரம் மரக்காலையில் கிடைப்பது அரிது. ஆனால் வாள் வைக்கமுன் ஒரு காந்தத்தை அங்குலம் அங்குலமாக ஓட்டிப் பாருங்கள். நான் ஆணிகளை எல்லாம் பிடுங்கிவிட்ட நம்பிக்கையில் அறுத்தேன். நடுவில் கிரீச் என்று ஒரு சத்தம், வாளின் இரண்டு பல் போச்சு. பிளந்து பார்த்தால் சுண்டுவிரல் நகமளவு போர்க்கால ஷெல் சன்னம், அதைச் சுற்றி மரம் கறுத்துப் போயிருந்தது. எங்கள் ஊர் மரத்தில் இதெல்லாம் இருக்கும்.

புது மரமென்றால் வெயில் படாத இடத்தில், ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் குச்சி வைத்துக் காற்றோட அடுக்குங்கள். ஒரு துண்டை எடுத்துத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். இரண்டு கிழமை கழித்து நிறுத்தாலும் நிறை குறையவில்லையா, மரம் காய்ந்துவிட்டது.

வாங்கவேண்டியவை

4க்கு 2 அங்குலச் சட்டம் 22 அடி, 2க்கு 2 கால்மரம் 10 அடி, 3க்கு 1 பலகை 60 அடி, 2க்கு 1 சலாகை 6 அடி. நாகமுலாம் பூசிய இரண்டரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டிலொன்று) போல்ட், நாலரை அங்குல நீளத்தில் 22, நட்டும் வாஷரும் சேர்த்து. ஒன்றரை அங்குலத் திருகாணி 100. திருகாணி மட்டும் துருப்பிடிக்காத எவர்சில்வரில் வாங்குங்கள். கறுப்புத் திருகாணி மலிவுதான், அடுத்த வருடம் பலகையில் கறுப்புக் கண்ணீர் வடியும். கைவாள், ட்ரில், மூலைமட்டம், சீவுளி, இரண்டு கிளாம்ப் போதும். ட்ரில் இல்லாவிட்டால் அயலில் இரவல் கேளுங்கள், ஒரு வீட்டிலாவது இருக்கும்.

வெட்டும் கணக்கு

4க்கு 2 சட்டத்தில் 6 அடித் துண்டு மூன்று, 22 அங்குலத் துண்டு இரண்டு. கால்மரத்தில் 12 அங்குலம் ஆறு, பதின்மூன்றேகால் அங்குலம் மூன்று. பலகையில் 26 அங்குலம் பன்னிரண்டு (தாய்ப் பலகை), 30 அங்குலம் பதினொன்று (பிள்ளைப் பலகை). கால்களை ஒவ்வொன்றாக அளந்து வெட்டாதீர்கள். முதலாவதை வெட்டி, அதையே மற்றவற்றின் மேல் வைத்துக் கோடு போடுங்கள். அப்போது பிழை இருந்தாலும் எல்லாவற்றிலும் ஒரே பிழையாக இருக்கும், கட்டில் ஆடாது.

முதலில் தாய்ச் சட்டம்

6 அடிச் சட்டம் இரண்டையும் நிலத்தில் விளிம்பு மேலாக நிறுத்தி, இரு முனையிலும் 22 அங்குலத் துண்டை இடையில் வையுங்கள். வெளி அகலம் 26 அங்குலம் வரும். உள்மூலை நான்கிலும் 12 அங்குலக் கால்கள், நீளச் சட்டங்களின் நடுவில் உட்புறமாக ஒவ்வொன்று.

கவனிக்கவேண்டியது இது: காலின் தலை, சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து ஒன்றேகால் அங்குலம் கீழே நிற்கவேண்டும். அந்த இடைவெளியால்தான் பின்னால் ஒரு சலாகை ஓடப்போகிறது. கிளாம்ப் பிடித்து, 8 மில்லிமீற்றர் அலகால் துளைத்து, நீளச் சட்டத்துக்கும் காலுக்குமாக இரண்டு போல்ட், மூலைக்காலில் பக்கச் சட்டத்துக்கும் ஒன்று. ஒன்றோடொன்று முட்டாதபடி ஏற்ற இறக்கமாகத் துளையுங்கள். முழுவதும் இறுக்கமுன் மூலைக்கு மூலை குறுக்காக அளவுநாடா பிடித்துப் பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றென்றால் மூலைகள் மட்டமாக நிற்கின்றன. இல்லையென்றால் குறுக்களவு கூடிய மூலையைக் கையால் குத்தி நேராக்கி இறுக்குங்கள்.

பிள்ளைச் சட்டம்

மிச்சமிருக்கும் 6 அடிச் சட்டத்தின் முன்முகத்தில் நீளமான மூன்று கால்களைப் போல்ட் போடுங்கள், காலின் தலையும் சட்டத்தின் விளிம்பும் சமமாக. இப்போது அது தனியே நிற்காது, விழும். பயப்படாதீர்கள். தாய்ச் சட்டத்தின் முன்பக்கத்தோடு ஒட்டவைத்து, முனைகள் சமமாகக் கிளாம்ப் பிடியுங்கள்.

பலகை அடிப்பது: இங்கேதான் நான் பிழைவிட்டேன்

முதல்முறை ஆடி மாதத்தில் செய்தேன். நல்ல காய்ச்சல் வெயில். பலகைகளுக்கு இடையில் அரை நூல்தான் விட்டேன், பார்க்க வடிவாக இருக்கட்டுமென்று. வெண்ணெயில் கத்தி ஓடுவதுபோல் ஓடியது. கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. ஒருநாள் இரவு திடீரென்று ஆட்கள் வந்து நின்றார்கள். நானும் தம்பியும் காலைச் சுவரில் உதைத்து இழுத்தும் அசையவில்லை. பிள்ளைப் பலகைகள் தாய்ப் பலகைகளைக் கவ்விப் பிடித்துக்கொண்டன. பெரியம்மா அன்றைக்கும் பாயில்தான்.

அடுத்த ஒழுங்கையில் இருக்கிற ஓடாவியார் வந்து தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கோடையிலை அளந்து மாரிக்குக் கட்டில் செய்தால் உப்பிடித்தான், பிள்ளை. இரண்டு நூல் விடவேணும்."

மரம் நீளப்பாட்டில் ஊதுவது சொற்பம், அகலப்பாட்டில்தான் ஊதும். 3 அங்குலப் பலகை ஒன்றின் ஊதல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வோர் இடைவெளியையும் இரண்டு பக்கத்துப் பலகையும் சேர்ந்து நெருக்கும், அதோடு வார்னிஷின் தடிப்பு, மெல்லிய வளைவு. அரை நூல் எங்கே காணும்?

சரி, கணக்கு. 3 அங்குலப் பலகை சீவியதும் ஒரு நூல் குறைந்து 2 அங்குலம் 7 நூல் நிற்கும். அப்படி 23 பலகை 66 அங்குலம் 1 நூல். நடுவே 22 இடைவெளி, ஒவ்வொன்றும் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம்: ஐந்தரை அங்குலம். மொத்தம் 71 அங்குலம் 5 நூல். 6 அடிச் சட்டத்தில் 3 நூல் மிச்சம், இரு முனைக்கும் பங்கிடுங்கள். உங்கள் பலகையின் அகலம் வேறென்றால் இந்தக் கணக்கை முதலில் தாளில் போடுங்கள்.

இடமிருந்து தொடங்குங்கள். முதலில் தாய்ப் பலகை, அடுத்தது பிள்ளைப் பலகை, மாறி மாறி. முடிவதும் தாய்ப் பலகையில். இடையில் 6 மில்லிமீற்றர் பிளைவுட் துண்டொன்றை அளவுகோலாக நிறுத்துங்கள். எல்லாப் பலகையின் பின்முனையும் பின்சட்டத்தின் வெளிவிளிம்போடு சமம். தாய்ப் பலகையைத் தாய்ச் சட்டத்தின் முன்னும் பின்னும் இரண்டிரண்டு திருகாணியால் பூட்டுங்கள். பிள்ளைப் பலகையைப் பிள்ளைச் சட்டத்தில் மட்டும், இரண்டு திருகாணி. கை பழக்கத்தில் பின்னாலும் பூட்டிவிடுவீர்கள், அதனால் பிள்ளைப் பலகைகளில் வெண்கட்டியால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திருகாணிக்கும் முதலில் சின்னத் துளை போடுங்கள், முனைக்குக் கிட்ட வேம்பு இலேசில் வெடிக்கும்.

தடுப்புச் சலாகை

இதை விட்டால் ஒருநாள் யாரோ உற்சாகமாக இழுக்க, பிள்ளைச் சட்டம் கழன்று கையோடு வரும். சலாகையை 65 அங்குலமாக வெட்டி, கட்டில் மூடியிருக்கும்போது பின்சட்டத்தின் உட்புறத்தோடு ஒட்டினாற்போல் பலகைகளுக்கு அடியில் ஒருவர் பிடிக்க, மேலிருந்து பதினொரு பிள்ளைப் பலகைக்கும் ஒவ்வொரு திருகாணி. தாய்ப் பலகை ஒன்றிலும் படக்கூடாது. கிளாம்பைக் கழற்றி இழுத்துப் பாருங்கள்: 20 அங்குலம் வந்ததும் சலாகை முன்சட்டத்தில் முட்டி நிற்கும்.

பலகைகளின் பக்கவாட்டில் மெழுகுதிரியைத் தேயுங்கள், சத்தமில்லாமல் ஓடும். தாய்ச் சட்டக் கால்களுக்கு அடியில் பழைய ரப்பர் செருப்பை வெட்டி ஒட்டினால் வழுக்காது. பிள்ளைக் கால்களுக்குத் தடித்த துணி, சீமெந்து நிலத்தில் கீறாமல் இழுபடும். மாற்றி ஒட்டிவிடாதீர்கள்.

சாண்ட் பேப்பர் போட்டு வார்னிஷ் இரண்டு பூச்சு. வேறென்ன சொல்ல.

மெத்தை

4 அங்குலத் தடிப்பில் இறுக்கமான ஸ்பொஞ்ச் இரண்டு துண்டு: 72க்கு 30, 72க்கு 20. பகலில் பெரியது இருக்கை, சின்னது சுவரோடு சாய்மனை. இரவில் கட்டிலை இழுத்ததும் சின்னதை முன்னால் திறந்த இடத்தில் கிடத்தினால் சரியாகப் பொருந்தும். வாங்கும்போது கையால் அல்ல, முழங்காலால் அமத்திப் பாருங்கள். பலகை தட்டுப்பட்டால் அது உதவாது. உறைக்குத் தடித்த பருத்தித் துணி, சிப் வைத்துத் தைப்பித்தால் கழற்றித் தோய்க்கலாம். கரண்ட் போன இரவில் இதன் அருமை தெரியும், பலகை இடைவெளியால் அடியிலிருந்து காற்று வரும்.

கீழே நடுக்காலுக்கு இரு பக்கமும் 8 அங்குல உயரப் பெட்டி ஒவ்வொன்று போகும். தலையணையும் போர்வையும் அதற்குள். பெட்டியை மாதம் ஒருமுறை வெளியே இழுத்துக் கூட்டுங்கள், கறையான் மண் கோடு அங்கேதான் முதலில் தெரியும்.

ஒரு மாதம் பாவித்த பிறகு போல்ட்களை இன்னொருமுறை இறுக்குங்கள். முதல் மாரியில் எங்காவது உரசினால் முழுவதையும் கழற்றவேண்டாம். உரசுகிற பலகையின் பக்கத்தில் மினுமினுப்பாக ஒரு கோடு விழுந்திருக்கும். அந்தப் பலகையை மட்டும் கழற்றி, கோடு இருக்கிற பக்கம் சீவுளியை இரண்டு தரம் ஓட்டி, மெழுகு தேய்த்துத் திரும்பப் பூட்டுங்கள்.