ஃபிஃப்த் வீல் ட்ரெய்லரை பிக்கப்ல இழுக்கப் போறீங்களா? முதல்ல கதவு ஸ்டிக்கரைப் படிங்க

அமெரிக்கா, கனடாவுல ஆர்வி, அதாவது உள்ளயே தங்கிக்கற சக்கர வீடு வாங்கலாம்னு கிளம்பற எல்லாரும் கேக்கற முதல் கேள்வி "என் ட்ரக் இதை இழுக்குமா"ங்கறதுதான். இழுக்கும்ங்க. இப்ப வர்ற டீசல் பிக்கப்புக்கெல்லாம் இழுவைக்குப் பஞ்சமே இல்ல. சிக்கல் சுமக்கறதுலயும் நிறுத்தறதுலயும்தான் இருக்கு, அதை யாரும் விளம்பரத்துல பெரிய எழுத்துல போடறதில்ல.

ஃபிஃப்த் வீல்ங்கறது பம்பருக்குப் பின்னாடி ஹிட்ச் பால்ங்கற இரும்பு உருண்டையில மாட்டி இழுக்கற சாதா ட்ரெய்லர் இல்ல. ட்ரக்கோட பெட்டுக்குள்ள, அதாவது சாமான் ஏத்தற பின் தொட்டிக்குள்ள, பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலயோ கொஞ்சம் முன்னாடியோ ஹிட்ச்ங்கற மாட்டற அமைப்பு ஒண்ணு போல்ட் பண்ணியிருக்கும், ட்ரெய்லரோட மூக்குக்கு அடியில தொங்கற கிங்பின்ங்கற 2 இன்ச் இரும்பு முளை அதோட தாடைக்குள்ள போய் உக்காரும். பாரம் நேரா ஆக்ஸில் மேல இறங்கறதால பின்னாடி வால் ஆட்டம் ரொம்பக் கம்மி, ஆனா அதே காரணத்தாலதான் ட்ரெய்லர் எடையில ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு உங்க ட்ரக் முதுகுல ஏறிடுது. கிங்பின் வழியா வர்ற இந்த எடையைத்தான் பின் (pin) வெயிட்ங்கறாங்க.

1. மொதல்ல கணக்கு

டிரைவர் கதவைத் திறந்தீங்கன்னா பில்லர்ல டயர் பிரஷர் போட்ட மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கர் ஒண்ணு இருக்கும், ஆளுங்களும் சாமானும் சேர்த்து இத்தனை பவுண்டுக்கு மேல ஏத்தாதேன்னு அதுல போட்டிருக்கும். அதுதான் உங்க பேலோட். பெரிய ட்ரக்ல அந்த வரி இல்லன்னா பக்கத்து லேபிள்ல இருக்கற ஜிவிடபிள்யூஆர், அதாவது வண்டியும் சுமையும் சேர்ந்து இருக்கக்கூடிய உச்ச எடை, அதுலேர்ந்து காலி ட்ரக்கை எடை போட்டுக் கழிச்சுக்கோங்க.

இப்ப ஒரு கணக்கு போடுவோம். ட்ரெய்லரோட ஜிவிடபிள்யூஆர் 14,000 பவுண்டுன்னு வைங்க. ப்ரோஷர்ல போட்டிருக்கற டிரை வெயிட்டை எடுக்காதீங்க, அதுல தண்ணி கிடையாது, உங்க பாத்திரம் பண்டம் துணிமணி எதுவும் கிடையாது, அந்த எடையில யாரும் ட்ரெய்லரை ரோட்டுல ஓட்டினதும் கிடையாது. 14,000ல 20 சதவீதம் 2,800. ஹிட்ச் ஒரு 200. ரெண்டு பெரியவங்க ஒரு பையன்னா 400. டூல் பாக்ஸ், நாய், கூலர் எல்லாம் சேர்த்து 200. ஆக மொத்தம் 3,600 பவுண்ட் ட்ரக் மேல. 1500ன்னு சொல்ற ஹாஃப் டன் ட்ரக்ல பேலோட் பெரும்பாலும் 1,500லேர்ந்து 2,000க்குள்ளதான் வரும், அது பேச்சுக்கே இடமில்ல. அதுக்கு அடுத்த சைஸான 2500 மாடல் டீசல்ல இன்ஜினே பாரமா இருக்கறதால அதுலயும் நிறைய மாடல் இந்தக் கணக்குல தேறாது. அதுக்கும் மேல இருக்கற 3500 மாடல்தான் வேணும், ட்ரெய்லர் இன்னும் பெருசுன்னா பின்னாடி நாலு டயர் இருக்கற டூவலி. டீலர்கிட்ட போய் நின்னா டோ ரேட்டிங் (இழுவை வரம்பு) 20,000 சார், தாராளமா இழுக்கும்பாங்க, பொய் இல்லதான், ஆனா நீங்க கேக்க வேண்டிய கேள்விக்கு அது பதில் இல்ல.

சரி பின் வெயிட்டைக் குறைச்சுட்டா போச்சுன்னு சாமானையெல்லாம் ட்ரெய்லர் பின்பக்கம் தள்ளிடாதீங்க. மாட்டு வண்டியில பின்பாரம் ஏறினா நுகத்தடி மாட்டுக் கழுத்தை விட்டு மேல தூக்கும்ல, அதே கதைதான் இங்கயும். மொத்த எடையில 15 சதவீதத்துக்குக் கீழ போனா ட்ரெய்லர் ஆட ஆரம்பிக்கும், 25ஐத் தாண்டினா ட்ரக் பின்பக்கம் உக்காந்து முன் சக்கரம் லேசாகி ஸ்டீரிங் பிடிமானம் குறையும்.

லைசன்ஸும் பாத்துக்கோங்க. கலிஃபோர்னியாவுல 10,000 பவுண்டுக்கு மேல 15,000 வரைக்கும் இருக்கற ஃபிஃப்த் வீலுக்கு சாதா லைசன்ஸ்ல தனி என்டார்ஸ்மென்ட் (கூடுதல் அனுமதி) வேணும், 15,000 தாண்டினா நான்-கமர்ஷியல் (non-commercial) கிளாஸ் ஏ லைசன்ஸ். ஒன்டாரியோவுல ட்ரெய்லர் 4,600 கிலோவைத் தாண்டினா ஜி லைசன்ஸ் பத்தாது, கிளாஸ் ஏ தான், டொரன்டோ பக்கம் இருக்கற நம்ம ஆளுங்க வாங்கறதுக்கு முன்னாடியே இதை யோசிச்சுடுங்க, ஏன்னா மேல சொன்ன 14,000 பவுண்ட் ட்ரெய்லர் 6,300 கிலோ வருது.

2. மாட்டறது

இங்கதான் அவசரம் ஆகவே ஆகாது. பக்கத்துல யாராவது வந்து பேச்சுக் கொடுத்தா நிறுத்திட்டுப் பேசி முடிச்சுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிங்க.

ட்ரெய்லர் சக்கரம் ரெண்டு பக்கமும் முட்டுக்கட்டை வைங்க. ட்ரக்கோட டெயில்கேட்டை இறக்குங்க. ஹிட்ச் தாடை திறந்திருக்கான்னு பாருங்க. இப்ப உயரம். கிங்பின்னைச் சுத்தி இருக்கற தட்டு, ஹிட்ச் தட்டை விட அரை இன்ச்சாவது தாழ இருக்கணும், அப்பதான் ட்ரக் பின்னாடி வரும்போது ட்ரெய்லர் மூக்கு ஹிட்ச் மேல லேசா ஏறி உக்காந்து, பின் சரியான ஆழத்துல தாடைக்குள்ள போகும். ட்ரெய்லரை ரொம்பத் தூக்கி வெச்சுட்டீங்கன்னா பின்னோட நுனி மட்டும் தாடையில மாட்டின மாதிரி, இல்ல தாடைக்கு மேலயே உக்காந்துக்கும். பாக்க மாட்டின மாதிரியே இருக்கும், ரோட்டுல முதல் குழியில தூக்கிப் போட்டதும் ட்ரெய்லர் கழண்டு பெட் சுவரு மேல வந்து உக்காரும். இதுக்கு ஹை ஹிட்ச்னு பேர், ஃபிஃப்த் வீல் மூக்கு பெட் மேல விழற கதைகள்ல நிறைய இதுதான்.

மெதுவா நேரா பின்னாடி வாங்க. டக்குனு சத்தம் கேக்கும். அதை மட்டும் நம்பிடாதீங்க, இறங்கி டார்ச் அடிச்சுப் பாருங்க, ரெண்டு தட்டுக்கும் நடுவுல வெளிச்சம் தெரியக்கூடாது, தாடை பின்னைச் சுத்தி முழுசா மூடியிருக்கணும். ஹேண்டில் பூட்டின நிலைக்கு வந்ததும் சேஃப்டி பின்னைச் சொருகுங்க. ட்ரெய்லர் லைட்டுக்கும் பிரேக்குக்கும் கரன்ட் போற ஏழு பின் (pin) ப்ளக்கைச் சொருகுங்க. அப்புறம் பிரேக்கவே கேபிளை ட்ரக் பாடியில ஒரு உறுதியான இடத்துல மாட்டுங்க, ஹிட்ச் ஹேண்டில்ல மாட்டற ஆளுங்களைப் பாத்திருக்கேன், வேணவே வேணாம், ஹிட்ச்சே பேந்து வந்தா கேபிளும் கூடவே போயிடும், இழுக்க வேண்டிய நேரத்துல இழுக்காது. அந்தக் கேபிள் இழுபட்டாதான் ட்ரெய்லரோட சொந்த பேட்டரியில கரன்ட் எடுத்து அதோட பிரேக் தானா பிடிக்கும், அதனால பேட்டரி சார்ஜ் இருக்கணும்ங்கறது சொல்லாமலே புரியும்.

இப்ப டக் (tug) டெஸ்ட், அதாவது இழுத்துப் பாக்கறது. லேண்டிங் கியரை, அதாவது ட்ரெய்லரோட முன் கால்களை தரையை விட்டு ஒரு விரல் அளவு மட்டும் தூக்குங்க, முட்டுக்கட்டை அப்படியே இருக்கட்டும். ட்ரக்குக்குள்ள உக்காந்து ட்ரெய்லர் பிரேக்கை இயக்கற பிரேக் கன்ட்ரோலரோட கை லீவரை அழுத்தி ட்ரெய்லர் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே லேசா முன்னாடி இழுங்க. பிடிச்சு நின்னுச்சுன்னா ஹிட்ச்சும் சரி, ட்ரெய்லர் பிரேக்கும் வேலை செய்யுது. ஒருவேளை சரியா மாட்டலன்னாலும் மூக்கு ஒரு விரல் உயரம்தான் இறங்கும், பெட் மேல மோதாது. அதுக்கப்புறம்தான் கியரை முழுசா தூக்கறது, டெயில்கேட் மூடறது, லைட் எல்லாம் எரியுதான்னு ஒருத்தரைப் பின்னாடி நிக்க வெச்சுப் பாக்கறது, கடைசியா முட்டுக்கட்டை எடுக்கறது.

ஆறரை அடி ஷார்ட் பெட் வெச்சிருக்கவங்களுக்கு ஒரு வார்த்தை. இறுக்கமா திரும்பும்போது ட்ரெய்லர் மூக்கோட மூலை கேபின் பின் கண்ணாடியை இடிக்க வாய்ப்பு இருக்கு. திரும்பறதுக்கு முன்னாடி பின்பக்கமா நகத்திக்கற ஸ்லைடர் ஹிட்ச் போடுங்க, இல்லன்னா எட்டடி பெட் ட்ரக் வாங்குங்க. ட்ரக் சமமா நிக்கும்போது பெட் சுவருக்கும் ட்ரெய்லரோட அடிப்பக்கத்துக்கும் நடுவுல ஆறு இன்ச் இடைவெளி விட்டு வைங்க, மேடு பள்ளத்துல தட்டாது.

3. பிரேக், டயர்

காலியான பார்க்கிங் லாட்ல 25 மைல் வேகத்துல போய் கை லீவரை மட்டும் முழுசா அழுத்துங்க. ட்ரெய்லர் சக்கரம் லாக் ஆகி தேய்ச்சுக்கிட்டு வந்தா கன்ட்ரோலர்ல கெயினை, அதாவது பிரேக் பிடிக்கற அழுத்தத்தைக் குறைங்க, ஒண்ணுமே தெரியலன்னா கூட்டுங்க. லாக் ஆகறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நிக்கற இடம்தான் உங்க செட்டிங். ஏத்தின சாமான் மாறினா திரும்பப் பாக்கணும்.

ட்ரெய்லர் டயர்ல சைடுல டாட் (DOT) நம்பரோட கடைசி நாலு இலக்கம் பாருங்க, 2319ன்னா 2019ல 23வது வாரம் செஞ்சது. ட்ரெட் புதுசா இருந்தாலும் ஆறு வருஷம் ஆச்சுன்னா மாத்திடுங்க. காத்து காலையில டயர் சூடாகறதுக்கு முன்னாடி பாக்கணும், நிறைய ட்ரெய்லர் டயருக்கு வேக வரம்பு 65 மைல்தான்ங்கறதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. டயர் வெடிச்சா டயரோட போறதில்ல, வீல் வெல்லுக்கு மேல இருக்கற தரை, பைப், வயர் எல்லாத்தையும் கிழிச்சுட்டுப் போகும்.

4. எடை மேடை

லாரிங்க நிறுத்தற ட்ரக் ஸ்டாப்ல கேட் (CAT) ஸ்கேல்னு மஞ்சள் கறுப்பு போர்டு இருக்கும், ஆர்வியையும் எடை போடுவாங்க. முன் சக்கரம் ஒரு தட்டுல, ட்ரக் பின் சக்கரம் அடுத்த தட்டுல, ட்ரெய்லர் சக்கரம் மூணாவதுல. அப்புறம் ட்ரெய்லரைக் கழட்டி விட்டுட்டு ட்ரக்கை மட்டும் ஒரு தடவை. முதல் சீட்டுல ட்ரக்கோட ரெண்டு ஆக்ஸிலும் சேர்ந்து 11,200, தனி ட்ரக் 8,300ன்னா, நிஜ பின் வெயிட் 2,900. ட்ரெய்லர் ஆக்ஸில் 10,900ன்னா மொத்த ட்ரெய்லர் 13,800, பின் வெயிட் 21 சதவீதம், அருமை. ஆனா அதோட நிறுத்தாம பின் ஆக்ஸில் எடையை கதவு லேபிள்ல இருக்கற பின் ஆக்ஸில் வரம்போட ஒப்பிட்டுப் பாருங்க, மொத்தத்துல தப்பிச்சவங்க இங்க மாட்டுவாங்க.

5. ரோட்டுல

திரும்பும்போது ட்ரெய்லர் சக்கரம் உங்க ட்ரக் போன வழியில வராது, உள் பக்கமா வெட்டிட்டு வரும். ஜங்ஷனுக்குள்ள இன்னும் கொஞ்சம் நேரா போயிட்டு அப்புறம் ஒடிங்க, ரைட் டர்ன்ல கர்ப் பக்க மிரரைப் பாத்துக்கிட்டே.

உயரம் பெரிய விஷயம். இந்த ட்ரெய்லருங்க ஏசியோட சேர்த்து 13 அடி வரைக்கும் வரும், அளந்து எழுதி ஸ்டீரிங் பக்கத்துல ஒட்டிடுங்க. வட கரோலினா டர்ஹாம்ல 11 அடி 8 இன்ச் ரயில் பாலம் ஒண்ணு லாரி கூரையெல்லாம் சீவிச் சீவியே உலகப் புகழ் ஆயிடுச்சு, 2019ல எட்டு இன்ச் தூக்கினாங்க, இன்னும் வந்து இடிக்கறாங்க. நியூயார்க் பக்கம் பார்க்வேன்னு பேர் வந்தா ட்ரெய்லரோட உள்ளயே போகாதீங்க, தடை இருக்கு, பாலமும் தாழ்வு. கார் ஜிபிஎஸ்ஸுக்கு இதெல்லாம் தெரியாது, உயரம் போட்டுக்கற ஆர்வி ஜிபிஎஸ் வாங்கிக்கோங்க.

இறக்கம்தான் உண்மையான பரீட்சை. கொலராடோ இன்டர்ஸ்டேட் 70ல 11,000 அடிக்கு மேல ஐசன்ஹோவர் டனல் தாண்டி மேற்க சில்வர்தோர்னுக்கு இறங்கற ரோடு 7 சதவீத சரிவு. அங்க கால் பிரேக்கை அழுத்திக்கிட்டே இறங்கினா பாதியில பிரேக் காய்ஞ்சு பெடல் உள்ள போகும், ஆனா வண்டி நிக்காது. உச்சியிலயே வேகத்தைக் குறைச்சு, டோ ஹால் மோட் (இழுவைக்கான கியர் செட்டிங்), டீசல்னா எக்ஸாஸ்ட் பிரேக் (புகையை அடைச்சு இன்ஜினை மெதுவாக்கறது) ரெண்டையும் போட்டு, கியரைக் கீழ இறக்கி இன்ஜினே பிடிக்கட்டும். வேகம் ஏறினா அஞ்சு மைல் குறையற அளவுக்கு அழுத்தமா ஒரு தடவை பிடிச்சுட்டு முழுசா விட்டுடுங்க, பிரேக் ஆறட்டும். பின்னாடி ஹார்ன் அடிக்கறவன் அடிச்சுட்டுப் போறான். கலிஃபோர்னியாவுல ட்ரெய்லர் இழுக்கற வண்டிக்கு எப்படியும் 55 மைல்தான் சட்டம்.

ரிவர்ஸுக்கு ஒரே வழி, ஸ்டீரிங்கோட அடிப்பக்கத்தைப் பிடிங்க, ட்ரெய்லர் வால் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகத்துங்க. பின்னாடி வழி சொல்றவங்க மிரர்ல தெரியலன்னா உடனே நிறுத்துங்க. மரக்கிளை மேல இருக்கும், கீழயே பாத்துட்டு இருப்பீங்க, இறங்கிப் பாக்கறதுக்கு வெக்கப்படாதீங்க.

6. கழட்டறது

சமமான இடத்துல நிறுத்தி முதல்ல முட்டுக்கட்டை. டெயில்கேட்டை இறக்குங்க. லேண்டிங் கியரை இறக்கி ட்ரக் முதுகுலேர்ந்து பாரம் கொஞ்சம் குறையற வரைக்கும் ட்ரெய்லர் மூக்கைத் தூக்குங்க. ஏழு பின் ப்ளக், பிரேக்கவே கேபிள் ரெண்டையும் எடுங்க, சேஃப்டி பின்னை எடுத்து ஹேண்டிலை இழுங்க. ஹேண்டில் வர மாட்டேங்குதுன்னா சுத்தியல் தேட வேணாம், தாடை மேல இழுவை இருக்குன்னு அர்த்தம், ட்ரக்கை ஒரு இன்ச் பின்னாடி தள்ளி பார்க்ல போட்டுட்டு திரும்ப இழுங்க. திறந்ததும் ஒரு அடி மட்டும் முன்னாடி வந்து நிறுத்துங்க, ட்ரெய்லர் மூக்குக்குக் கீழ இன்னும் ட்ரக் இருக்கணும். இறங்கி கால் ரெண்டும் மண்ணுல புதையாம நிக்குதான்னு பாத்துட்டு அப்புறம் முழுசா வெளிய வாங்க.