தெங்குமரஹாடாவுக்கு மாயாற்றைக் கடந்து செல்லும் முறை

நீலகிரி மாவட்டத்தைச் சேர்ந்த ஊராயினும், தெங்குமரஹாடாவுக்கு வண்டிவழி பவானிசாகரிலிருந்து, முட்புதர் மண்டிய வறண்ட காட்டின் ஊடே செல்கிறது. மலைமேலுள்ள கோடநாடு காட்சிமுனையிலிருந்து பார்த்தால் ஊர் காலடியிலேயே கிடப்பதுபோல் தோன்றும், அதை நம்பி இறங்கிவிட வேண்டாம். புலிகள் காப்பகப் பகுதியாதலால், முதலில் வனத்துறையின் அனுமதியைப் பெறுங்கள்.

பேருந்து மாயாற்றங்கரையோடு நின்றுவிடும், அதன்பின் பரிசல்தான். பரிசல்காரர் சொல்லும்வரை ஏறாதீர்கள். ஏறும்போது விளிம்பை மிதிக்காமல், நடுவில் கால் வைத்து, ஒருவர்பின் ஒருவராகப் பரிசலுக்குள் இறங்கி, எதிரெதிர்ப் பக்கங்களில் எடை சமமாகும்படி குந்தி அமர்ந்து, மூட்டைகளை நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும். பரிசல் சுழன்றால் எழுந்து நிற்காதீர்கள்; சுழல்வது அதன் இயல்பு. இங்கே மழை இல்லாவிட்டாலும் மலைமேல் பெய்தால் வெள்ளம் வரும். நீர் கலங்கியிருந்தால் காத்திருப்பதே நல்லது.

காத்திருக்கும் நேரத்தில் வானத்தைப் பாருங்கள், பாறு கழுகுகள் வட்டமிடக்கூடும். இப்பள்ளத்தாக்கு பழைய படைவழியும்கூட: 1790இல் திப்புவின் படை கஜலஹட்டிக் கணவாய் வழியாகவே கோவைச் சமவெளிக்கு இறங்கியது.

பொழுது சாயுமுன் திரும்பிவிடுங்கள். மாலையில் யானைகளும் இதே ஆற்றுக்குத்தான் நீர் குடிக்க வரும்.