சென்சஸ் படிவத்தில் அம்மாவின் ஆங்கிலத்தை எப்படிக் குறிப்பது?

அவுஸ்திரேலியாவில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஓகஸ்டில் சென்சஸ், அதாவது குடிசன மதிப்பீடு, வரும். எங்கள் வீட்டுப் படிவத்தை நான்தான் நிரப்புவேன். சிட்னியில் பெண்டில் ஹில் பக்கம் இருக்கிற சொந்தக்காரர் சிலருக்கும் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் தடுமாறுவது இரண்டு கேள்விகளில்: வீட்டில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பாவிக்கிறாரா? ஆங்கிலம் எவ்வளவு நன்றாகப் பேசுவார்?

இரண்டையும் ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கேட்பார்கள். ஆகவே, ஒருவருக்குப் போட்டதையே மற்றவர்களுக்கும் போட்டுவிடாதீர்கள். 2021 படிவத்தில் அரபு, வியட்நாமிய மொழி போன்றவற்றுக்குப் பெட்டி இருந்தது, தமிழுக்கு இல்லை. 'மற்றவை' என்ற இடத்தில் தமிழ் என்று எழுத வேண்டும். 'சிறீலங்கன்', 'இந்தியன்' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவை மொழியின் பெயர் அல்ல. வீட்டில் தமிழோடு மலையாளமும் இருந்தால், அந்த ஆள் கூடுதலாகக் கதைப்பதை எழுதுங்கள். அம்மம்மாவோடு தினமும் தமிழ் கதைக்கிற பிள்ளைக்கு, பள்ளியில் ஆங்கிலத்தில் முதலாவதாக வந்தாலும், 'ஆங்கிலம் மட்டும்' என்று போடாதீர்கள். வீட்டில் பாவிக்கிற மொழியைத்தான் கேட்கிறார்கள்.

அடுத்த கேள்விக்கு நான்கு பதில்கள்: மிக நன்றாக, நன்றாக, நன்றாக இல்லை, கொஞ்சமும் இல்லை. பேசுவதைப் பற்றி மட்டுமே கேள்வி. வாசிப்பையும் பட்டத்தையும் பார்க்காதீர்கள். 2016இல் என் தம்பி அம்மாவுக்கு 'நன்றாக' என்று போட்டான். கடையில் சாமான் கேட்டு வாங்குவா, பக்கத்து வீட்டாரோடு சிரித்துக் கதைப்பா, அதை வைத்துப் போட்டான். அடுத்த வருடம் ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னதற்கெல்லாம் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டிவிட்டு வந்தா. மருந்தை நிறுத்தச் சொன்னது வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பயந்துபோனோம்.

அதனால் 2021இல் அம்மாவையே உட்கார வைத்துக் கேட்டேன். மின்சாரக் கொம்பனி போன் எடுத்தால் தனியாகச் சமாளிப்பீங்களா? எங்கே, எப்படி வலிக்குது என்று டொக்டரிடம் சொல்லுவீங்களா? அவர் திருப்பிக் கேட்டால் விளங்குமா? "அது கஷ்டம் பிள்ளை" என்றா. சரி, 'நன்றாக இல்லை' என்று குறித்தோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்த ஊரில் எந்த மொழிக்கு உரைபெயர்ப்பாளர் வேண்டும், எந்த மொழியில் துண்டுப்பிரசுரம் அடிக்க வேண்டும் என்று திட்டமிடுகிறவர்கள் பார்ப்பது இந்த எண்ணிக்கையைத்தான். வீட்டில் தமிழ் என்று 2016இல் பதிந்தவர்கள் 73,161 பேர், 2021இல் 95,404 பேர். இத்தனை பேரில் ஆங்கிலம் கஷ்டமானவர்கள் எத்தனை பேர் என்பது நாம் உண்மையைக் குறித்தால்தான் தெரியும்.

வயதானவர்கள் சிலர் விசாவுக்கோ குடியுரிமைக்கோ இதனால் பிரச்சினை வருமோ என்று பயப்படுகிறார்கள். வராது. தனிநபர் விவரத்தை மற்றத் திணைக்களங்களுக்குக் கொடுக்கச் சட்டம் அனுமதிக்காது. இதை அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு ஒளிக்காமல் பதில் சொல்வார்கள்.

அப்புறம், அரசின் தொலைபேசி உரைபெயர்ப்புச் சேவை 131 450. அழைத்து, தமிழ் வேண்டும் என்று சொன்னால் போதும். அம்மா அந்த இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதி குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறா.