அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு ஆர்வியில் (வீடு போல் தங்கும் வசதியுள்ள வண்டியில்) போகிறவர்களுக்கு
மின்சாரம், தண்ணீர், கழிவுக்குழாய் மூன்றும் உள்ள இடத்தை எல்லா ராத்திரிக்கும் பிடிக்காதீர்கள். பூங்காவின் மேற்கு வாசலை ஒட்டியுள்ள வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரில் அப்படி ஒரே ஒரு ராத்திரி போதும். கிளம்பும் காலையில் கழிவுத் தொட்டிகளைக் காலி செய்து, நல்ல தண்ணீரை நிரப்பி, பேட்டரி முழுசாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பூங்காவுக்குள் போய் இந்த இணைப்புகள் இல்லாத முகாமில் தங்குங்கள்.

பூங்காவுக்குள் மூன்று இணைப்பும் கிடைப்பது ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் மட்டும்தான். அங்கே இடம் கிடைப்பது கஷ்டம். மற்ற முகாம்களில் வாடகை குறைவு. தண்ணீரைப் பார்த்துச் செலவழித்தால் இரண்டு மூன்று நாள் தாராளமாகச் சமாளிக்கலாம். 100 கேலன் தண்ணீர் ஏறத்தாழ 380 கிலோ என்பதால், மலையேறும்போது தொட்டியைக் காலியாக வைப்பதே வழக்கம். ஆனால் வெஸ்ட் யெல்லோஸ்டோனிலிருந்து பூங்காவுக்குள் உள்ள மாடிசன் முகாம் 14 மைல்தான், பெரிய ஏற்றமும் கிடையாது. அதனால் தொட்டியை நிரப்பிக்கொண்டு போகலாம்.

ராத்திரி முழுக்க மின்சாரத்தில் ஓடும் மருத்துவக் கருவி உள்ளவர்களுக்கு இது சரிவராது. இரவில் ஜெனரேட்டர் போட அனுமதியில்லை. செப்டம்பருக்கு அப்புறம் குழாய் உறையும் குளிரிலும் வேண்டாம்.