லினக்ஸ் கன்சோலில் கீபோர்டு லேஅவுட், எழுத்துரு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெஸ்க்டாப்பில் லேஅவுட்டை (எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற அமைப்பை) மாற்றியாயிற்று, கன்சோலிலும் (எழுத்து மட்டும் வரும் கட்டளைத் திரையிலும்) மாறியிருக்கும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. செட்எக்ஸ்கேபிமேப் கட்டளை செய்யும் மாற்றம் எக்ஸ் என்ற வரைகலைத் திரைக்குள்ளேயே நின்றுவிடும். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் அழுத்திக் கன்சோலுக்குப் போனால் அங்கே லோட்கீஸ் என்ற கன்சோல் கட்டளை ஏற்றியதுதான் செல்லும். பெயர்கூட வேறு: பிரிட்டிஷ் லேஅவுட் எக்ஸில் 'ஜிபி', கன்சோலில் 'யூகே'. டெபியன் வகை லினக்ஸில் மட்டும் இரண்டுக்கும் எக்ஸ் பெயரையே எழுத வேண்டும்.

தவறான லேஅவுட்டை ஏற்றிவிட்டால் பதற வேண்டாம். அமெரிக்கக் கீபோர்டில் ஜெர்மன் லேஅவுட் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 'ஒய்' விசையை அழுத்தினால் 'இசட்' விழும், லோட்கீஸ் என்ற கட்டளையிலேயே ஒரு 'ஒய்' இருப்பதால் எத்தனை முறை அடித்தாலும் அப்படி ஒரு கட்டளை இல்லை என்றுதான் ஷெல் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) சொல்லும். அந்த இடத்தில் 'இசட்' விசையை அழுத்துங்கள், வேலை முடிந்தது.

கடவுச்சொல்லில்தான் இது உண்மையிலேயே படுத்தும், ஏனென்றால் அடிப்பது திரையில் தெரியாது. பயனர் பெயர் கேட்கும் இடத்தில் கடவுச்சொல்லில் வரும் குறிகளை மட்டும் அடித்துப் பார்த்துவிட்டு அழித்துவிடுங்கள். வட்டைக் குறியாக்கத்தால் பூட்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: கணினி எழும்போதே கேட்கும் கடவுச்சொல்லுக்கு இனிட்ராம்எஃப்எஸ்ஸில் (தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பில்) உள்ள லேஅவுட்தான், அதனால் லேஅவுட்டை மாற்றியதும் அதைப் புதுப்பிக்க ஆர்ச் லினக்ஸில் எம்கேஇனிட்சிபிஐஓ, டெபியனில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை ஓட்ட மறக்காதீர்கள்.

லோட்கீஸும், கன்சோல் எழுத்துருவை மாற்றும் செட்ஃபான்ட்டும் செய்யும் மாற்றம் மறுதொடக்கம் வரைதான். நிலைக்க வேண்டுமென்றால் ஆர்ச், ஃபெடோராவில் விகன்சோல்.கான்ஃப் கோப்பில் கீமேப், ஃபான்ட் என்ற இரண்டு வரிகளை எழுதுங்கள். டெபியனில் கீபோர்டு-கான்ஃபிகரேஷன், கன்சோல்-செட்டப் என்ற இரண்டு தொகுப்புகளையும் டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கட்டளை மூலம் அமைக்கலாம்.

அப்புறம் எழுத்துரு. டெஸ்க்டாப்பில் பயன்படும் டிடிஎஃப் எழுத்துருக் கோப்பைக் கொடுத்தால் செட்ஃபான்ட் ஏற்காது, பிஎஸ்எஃப் போன்ற பிட்மேப் (புள்ளிகளால் ஆன) எழுத்துருதான் வேண்டும், அதிலும் 512 வடிவங்களுக்கு மேல் கன்சோல் தாங்காது. தமிழ் அங்கே சரியாக வராததற்கு எழுத்துரு மட்டும் காரணம் இல்லை: 'கொ' என்பதில் ககரத்தின் இரண்டு பக்கமும் குறி உட்கார வேண்டும், கட்டத்துக்கு ஒரு வடிவம் வைக்கும் கன்சோலுக்கு அந்தக் கோர்ப்பு தெரியாது. அதற்காக எழுத்துரு தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். எழுத்து எறும்பாகத் தெரிகிறதா, டெர்மினஸ் எழுத்துருவை நிறுவி 16க்கு 32 அளவுள்ள டெர்-132என் ஏற்றிப் பாருங்கள், கண்ணுக்கு எவ்வளவோ இதம். பிடிக்கவில்லையென்றால் பெயர் எதுவும் கொடுக்காமல் செட்ஃபான்ட் என்று மட்டும் அடித்தால் இயல்பான எழுத்துரு திரும்பிவிடும்.